தொரை கடையில் மூன்று சிவப்பு அம்புகள்

கூச்ச சுபாவக்காரனால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. என்னை வைத்துச் சொல்கிறேன், அது பொய். பேசுகிறவன் வாயால் கெடுப்பான். என்ன கெடுக்கப் போகிறான் என்பது முன்கூட்டியே காதில் விழுந்துவிடும். நாலு பேர் சேர்ந்து தடுத்துவிடலாம். பேசாதவன் கெடுப்பது, கெடுத்து முடித்த பிறகுதான் வெளியே தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று என் மனைவி சரசு திருத்துவாள்.) அன்றிலிருந்து பனியன் கம்பெனி, அதில் முக்கால்வாசிக் காலம் செக்கிங் மேஜை. தைத்து வரும் பீஸை விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் கப்பலேறாது. திருப்பூரில் எழுத்துக் கூட்டிப் படிக்க வராதவனுக்குக்கூட அந்த அம்பின் அர்த்தம் தெரியும். என் சட்டைப் பையில் அந்த ஸ்டிக்கர் தாள் எப்போதும் இருக்கும். அது இல்லாமல் தெருவில் இறங்கினால் எனக்குச் சட்டையே போடாதது போல இருக்கும்.

என் மகள் சுகன்யா ஓர் எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசர். அங்கேயே வேலை பார்க்கும் தினேஷைக் கட்டிக்கொள்வதாக முடிவு செய்துவிட்டாள். எங்களுக்குச் சம்மதம். பையனுடைய அம்மா ரத்தினாவுக்கும் சம்மதம். பாக்கி இருந்தது பையனுடைய அப்பா சென்னியப்பன். தையல்காரராக ஆரம்பித்து, வீரபாண்டியில் சொந்த யூனிட் போட்டவர். ரோசக்காரர். தம் யூனிட் தையலில் ஒரு குறை சொன்ன பையருக்கு (சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு) அப்புறம் பீஸே தைத்துக் கொடுக்கவில்லை என்று பேர் வாங்கியவர். ஆறு மாதமாக ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இழுத்தவர், கடைசியில் ஒரு வார்த்தை விட்டார்: “பொண்ணோட அப்பனை ஒருக்கா பாத்துட்டுச் சொல்றேன்.”

ஆக, பரீட்சை எனக்கு. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதிய முதல் பரீட்சை அதுதான்.

எங்கே பார்ப்பது? வீட்டுக்கு வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும். கோயிலில் பார்த்துவிட்டு ‘வேண்டாம்’ என்றால் முருகனுக்கே சங்கடம். பிள்ளைகள் இருவரும் சேர்ந்து தொரை கடை என்றார்கள்.

தொரை கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டான்லி என்கிற இங்கிலாந்துக்காரர் நடத்துகிற சாப்பாட்டுக்கடை அது. ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பையர்களுக்காக வந்து சரக்கை இன்ஸ்பெக்‌ஷன் செய்தவர். அவர் வண்டி கேட்டுக்குள் நுழைந்தால் முதலாளிகள் சிவன்மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ரிஜெக்ட் செய்தவர், ரிட்டயர் ஆன பிறகு ஊருக்குப் போகாமல் இங்கேயே ஒரு வீட்டைப் பிடித்து, அவர்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்துப் போட ஆரம்பித்தார். மாவில் முக்கிப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும். கொத்துக்கறியின் மேல் கிழங்கு மசியலைப் போர்வை மாதிரி போர்த்திச் சுட்ட ஒன்று. எல்லாவற்றுக்கும் பச்சைப் பட்டாணிச் சாந்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இடம் கிடைக்காது. பிறந்தநாள், ஆர்டர் கிடைத்த நாள், ஷிப்மென்ட் போன நாள், எல்லாவற்றுக்கும் ஜனம் அங்கேதான் போகிறது. அந்த மனிதரிடம் இத்தனை வருடம் திட்டு வாங்கிவிட்டு, இப்போது ‘இன்னும் கொஞ்சம் உப்பு போடுங்க’ என்று அவரிடமே சொல்ல முடிகிற சுகம்தான் காரணம் என்பது என் கணிப்பு. அவரும் கோபப்படுவதில்லை. எழுபது வயதுக்காரரைக்கூட “கண்ணு” என்றுதான் கூப்பிடுவார்.

கிளம்பும்போது சுகன்யா என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

“அப்பா, நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க. அவ்ளோதான்.”

“ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு உங்கப்பனுக்குச் சொல்லியா தரணும்?” என்றாள் சரசு.

பிள்ளைகள் தொரையிடம் விஷயத்தைச் சொல்லிவைத்திருந்ததால் சுவரோரத்தில் நீள மேஜை கிடைத்தது. ஒரு பக்கம் சரசு, சுகன்யா, ரத்தினா. எதிர்ப்பக்கம் சென்னியப்பன், நடுவில் தினேஷ், அவருக்கு இந்தப் பக்கம் நான். தினேஷ் பளீரென்று ஒரு வெள்ளைக் காலர் பனியன் போட்டிருந்தார். நல்ல துணி. (வணக்கம் சொல்வதற்கு முன்பே துணியைப் பார்த்துவிட்டேன். அங்கேயே எனக்கு எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும்.)

மெனு அட்டை முழுவதும் இங்கிலீஷ். நான் அதைக் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்துவிட்டு, நடுவில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தேன். பரிமாற வந்த ஒடிசாக்காரர் மெச்சுதலாகத் தலையாட்டினார். மற்றவர்கள் மீனும் கொத்துக்கறியும் சொன்னார்கள். எனக்கு மட்டும் பெரிய தட்டில் சுட்ட கோழி, உப்பி நடுவில் குழி விழுந்த பூரி மாதிரி ஒன்று, அதெல்லாம் நீந்தும்படி பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு. பக்கத்தில் கத்தியும் முள்கரண்டியும்.

“கைலயே சாப்பிடுங்க, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க” என்றாள் சரசு மெதுவாக. எதிரில் சுகன்யா கத்தியால் மீனை அழகாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளை அவமானப்படுத்தக் கூடாதே என்று நானும் கத்தியை எடுத்தேன். கோழி ஒத்துழைக்கவில்லை. நாலு தடவை அறுத்துப் பார்த்தேன்; தட்டுதான் சத்தம் போட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

“ஏனுங்க, ஒண்ணும் பேசாம இருக்கறீங்க?” என்றார் சென்னியப்பன், மகனைத் தாண்டி எட்டிப் பார்த்து.

“இல்லீங்க” என்றேன்.

“எந்தக் கம்பெனீங்க?”

சொன்னேன்.

“எத்தனை வருசமுங்க?”

சொன்னேன். அவர் அடுத்த கேள்வியைத் தேடினார். கிடைக்கவில்லை போலிருக்கிறது, மீனுக்குத் திரும்பிவிட்டார். பரீட்சையில் தோற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. மகளின் முகம் வாடியது. ஏதாவது பேச வேண்டும். என்ன பேசுவது? மழையைப் பற்றியா, நூல் விலையைப் பற்றியா? வாய் யோசித்துக்கொண்டிருந்தபோது கை வேலையைத் தொடங்கிவிட்டது. தினேஷின் கைப்பட்டியின் பின்புறம் இரண்டு தையல் தாவியிருந்தது (கம்பெனிப் பாஷையில் ஸ்கிப்பு). இதை நான் பார்த்ததாகவோ, பையிலிருந்து தாளை எடுத்ததாகவோ எனக்கு நினைவில்லை. என் விரல் அம்பை உரித்து ஒட்டிவிட்டு வந்து மடியில் அமர்ந்துகொண்டது. மனசுக்குள் இதமாக இருந்தது. அந்த நிமிடம்தான் அங்கே மூச்சே விட முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை மூட்டுக்குப் பின்னால் ஒரு சிறு சுருக்கம். அதற்கும் ஒன்று. பிறகு இடுப்புப் பக்கம் ஒரு பழுப்புக் கறை. கறைக்கு ஒட்டும்போது நன்றாக ஒட்டிக்கொள்ள ஒரு தட்டுத் தட்டுவது வழக்கம். தட்டினேன்.

தினேஷுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் சுகன்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் காக்கை உட்கார்ந்தாலும் தெரிந்திருக்காது. எதிரே இருந்த ரத்தினாவுக்கு என் கை தெரிந்தது, ஸ்டிக்கர் தெரியவில்லை.

“பாருங்க” என்றார் கணவரிடம், கண் கலங்க. “வாய்தான் பேசலீங்க. என்ற பையனை எத்தனை பிரியமாத் தட்டிக் குடுக்கறாரு!”

சென்னியப்பன் முகம் கொஞ்சம் இளகியது. சரசு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். (கல்யாணமாகி அப்படி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.) நான் அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்டான்லி தொரை மேஜை மேஜையாக விசாரித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார்.

“ஏனுங்க கண்ணு, சாப்பாடு எப்படீங்…”

குனிந்தார். பழைய இன்ஸ்பெக்டர் முழித்துக்கொண்டார்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு! ஒரே பீஸ்ல மூணு!” என்று கூரை அதிரச் சிரித்தார். “மாப்பிள்ளை ரிஜெக்ட்டுங்க கண்ணு!”

அந்தக் கடையில் சாப்பிடுகிறவர்களில் பனியன் தொழிலில் இல்லாதவர்கள் யார்? கட்டிங் மாஸ்டர், டையிங்காரர், பிரிண்டிங்காரர், பேட்டர்ன் போடுகிறவர், அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பினார்கள். நாலைந்து போன் மேலே எழுந்தது. தினேஷ் தன் முதுகைத் தானே பார்க்க முயன்று ஒரு சுற்றுச் சுற்றினார். அதனால் பார்க்காதவர்களும் பார்த்துவிட்டார்கள்.

சென்னியப்பன் எழுந்து நின்றார்.

“இந்தப் பனியன் எங்கே தைச்சதுன்னு தெரியுமுங்களா?” மகனின் தோளைப் பிடித்துத் தம் பக்கம் திருப்பினார். “இன்னிக்குப் போடறதுக்குன்னு நானே மிசின்ல உக்காந்து தைச்சனுங்க. பத்து வருசத்துக்கு அப்புறம் நானே உக்காந்தனுங்க.”

சுகன்யா தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். அவளுடைய கல்யாணம் என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

“ஹோல் இல்லீங்க. ஸ்கிப்புதானுங்க. ரிப்பேர் பண்ணீரலாமுங்க.”

யாரோ புரையேறி இருமினார்கள்.

“எங்கே ஸ்கிப்பு? காட்டுங்க! இப்பவே காட்டுங்க!” என்று சென்னியப்பன் மகனை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன். தொரை உள்ளே ஓடி, பழைய லென்ஸை எடுத்து வந்தார். தினேஷ் இரண்டு கைகளையும் விரித்து, பஸ் ஸ்டாண்டில் போலீஸ் சோதனைக்கு நிற்பவர் போல நின்றார். பக்கத்து மேஜைக் கட்டிங் மாஸ்டர் தாமும் வந்து குனிந்தார், கூப்பிடாமலே.

முதல் அம்பு. தொரை லென்ஸை வைத்துப் பார்த்தார். “ரெண்டு தையல் தாவுது. சரியான அம்புங்க.”

சென்னியப்பன் பல்லைக் கடித்தார்.

இரண்டாவது. “சுருக்கமுங்க. இதுவும் சரி.”

மூன்றாவது அம்புக்கு வந்தபோது தொரை லென்ஸை விட்டுவிட்டு மூக்கை வைத்தார். முகர்ந்தார். நிமிர்ந்தார்.

“இது தையல் குறை இல்லீங்க கண்ணு. இது என்ற கடைக் குழம்பு.”

“பாத்தீங்களா!” என்று சென்னியப்பன் கடை முழுவதையும் பார்த்துக் கத்தினார். “மூணு இல்லீங்க! ரெண்டுதான்!”

நான் திரும்பி எங்கள் மேஜையைப் பார்த்தேன். ஐந்து தட்டில் குழம்பே இல்லை. ஆறாவது தட்டு என்னுடையது. கோழியோடு நான் போராடிய இடம். கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

சென்னியப்பன் திரும்பி வந்து உட்கார்ந்தார். முள்கரண்டியால் பட்டாணிச் சாந்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

“தோள்பட்டைச் சுருக்கம் எப்படீங்க கண்ணுல பட்டுச்சு? நானே பாக்கலீங்களே.”

“தேடலீங்க” என்றேன். “கை போச்சுங்க.”

அவர் ரத்தினா பக்கம் திரும்பினார். “பொண்ணு குடுக்கற இடத்துல எல்லாரும் நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. இந்த மனுசன் என்ற மூஞ்சிக்கு முன்னாலயே குறையைக் காட்டறாரு. பயமே இல்லை பாரு. நேர்மையான ஆளு. சரி, தேதி பாக்கச் சொல்லு.”

பயத்தில் செய்ததை அவர் தைரியம் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. திருத்துவதற்கும் பேச வேண்டுமே.

தொரை தம் கணக்கில் எல்லாருக்கும் பாலில் ஊறிய ரொட்டி இனிப்பைக் கொண்டு வந்து வைத்தார். அன்று அந்தக் கடையில் நான் உருப்படியாகச் சாப்பிட்டது அதுதான்; கரண்டி போதுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் தினேஷின் முதுகுப் படம் எங்கள் கம்பெனி போன்களுக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. கல்யாணத்தன்று மேடையேறும் முன்பு சரசு எல்லார் எதிரிலும் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்த பிறகுதான் மேலே விட்டாள்.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. நன்றாக இருக்கிறார்கள், அதாவது, வாரத்துக்கு ஒரு தடவைதான் சண்டை. சண்டை வந்தால் சுகன்யா சொல்வாள்: “எங்கப்பா அன்னிக்கே மூணு அம்பு ஒட்டி ரிஜெக்ட் பண்ணினாருங்க. நாந்தான் கேக்காம எடுத்துட்டேன்.”

தினேஷ் சளைக்க மாட்டார். “ரிஜெக்ட் சரக்கு எடுத்தா ரிட்டர்ன் கெடையாது, தெரியுமல்ல?”

அப்போது சென்னியப்பன் அந்த வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் சரி, குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, குரல் வந்துவிடும்:

“மூணு இல்ல கண்ணு, ரெண்டு! மூணாவது குழம்பு!”

யாருடைய தட்டுக் குழம்பு என்று இதுவரை அவர் கேட்கவில்லை.