இருக்கட்டுங்க அண்ணனும் எழுநூறு நாள் லாக்கும்

கோயமுத்தூரிலேயே எதையும் அழிக்க மனம் வராத ஒரே ஆள் எங்கள் இருக்கட்டுங்க அண்ணன்தான். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டு எனக்கு, தலையெழுத்து. காலி ஸ்வீட் டப்பாவைக் குப்பையில் போடப் போனால்கூட "இருக்கட்டுங்க" என்பார். மேசைக்கடியில் கால் நீட்ட இடமில்லாமல் குறுக்கே உட்கார்ந்துதான் டைப் அடிப்பார்.

மேசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சர்வர் தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் லாக் என்ற ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். தினம் ஒரு புது ஃபைல் தொடங்கி, பழையது தானாக அழியும்படி அமைக்காவிட்டால் டிஸ்க் நிறைந்து எல்லாம் நின்றுவிடும். எங்கள் சர்வரில் ஓடிய ஓர் ஆஸ்பத்திரியின் டோக்கன் புரோகிராம் இரண்டு முறை அப்படி நின்றது.

"இன்னொருக்கா நின்னுச்சுன்னா நீங்க ஊட்லயே இருந்துக்குங்க" என்றார் முதலாளி அண்ணனிடம். எங்கள் ஊரில் வேலையை விட்டுத் தூக்குவதும் மரியாதையாகத்தான்.

பதறிப்போய் அண்ணனிடம் கேட்டேன். "ஏழு நாள் லாக் போதும்னு போட்டுட்டீங்களாங்ணா?"

"போட்டனுங்க. ஏழு ரொம்பக் கம்மியாத் தெரிஞ்சுதுங்க. எழுநூறுன்னு மாத்திப்போட்டேன்."

"அத்தனைக்கு டிஸ்க்குல எடம் ஏதுங்ணா?"

"அதுக்குன்னு அழிக்கறதுங்களா? பாவம், நாளெல்லாம் எழுதியிருக்குதுங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் வேலையைக் காப்பாற்ற நானே உட்கார்ந்து, ஏழு என்று மாற்றி, பழையதையெல்லாம் அழித்தேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் சர்வர் மறுபடி நின்றது. புது ஃபைல் வந்துவிட்டதென்று டோக்கன் புரோகிராமுக்குச் சொல்லும் ஒரு வரியை நான் எழுத மறந்திருந்தேன். அது, அழித்த பழைய ஃபைலிலேயே விடாமல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. புரோகிராம் பிடியை விடும்வரை, அழித்த ஃபைலும் டிஸ்க்கை விட்டுப் போகாது. பட்டியலில் ஃபைல் இல்லை, டிஸ்க்கில் இடமும் இல்லை. ஆஸ்பத்திரியில் டோக்கன் கிடைக்காமல் ஒரே ரகளை.

"யாருங்க இதுல கை வெச்சது?" என்று முதலாளி வந்து நின்றார்.

"நாந்தானுங்க" என்றார் அண்ணன்.

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். இப்போது போத்தனூரில் ஒரு செல்போன் கடையில் இருக்கிறார். என் தப்புதான் என்று முதலாளியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறேன். அவர் மேல் அத்தனை பிரியம் எனக்கு, வாசலில் வண்டியை நிறுத்தத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.