என் சாதனைகளைச் சொல்லி நான் ஜெயித்த தேர்தல்

சிறு வயதில் செய்த மடத்தனத்தை எழுதுகிறவர்கள் பாக்கியசாலிகள். பழியை வயதின் மேல் போட்டுவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. மாணவர் மன்றத் தேர்தலில் நின்றபோது எனக்கு வயது அறுபத்து மூன்று.

சித்தூரில் வருவாய்த் துறையில் வேலை பார்த்து, துணை தாசில்தாராக ஓய்வுபெற்று, திருப்பதியில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தேன். பொழுது போகாமல் ஒரு கல்லூரியின் மாலை வகுப்பில் எம்.ஏ. தமிழ் சேர்ந்தேன். (நான் வீட்டில் இருந்தால் தனக்குத்தான் பொழுது போகவில்லை என்பது என் மனைவியின் வாக்குமூலம்.) சின்ன வகுப்பு. அதற்கு ஒரு தமிழ் மன்றம், மன்றத்துக்கு ஒரு செயலாளர், செயலாளருக்கு ஒரு தேர்தல்.

அந்த வருஷம் நிற்பதாக இருந்தவள் சுமதி ஒருத்திதான். பிச்சாட்டூர்ப் பெண். வகுப்பு முடிவதற்குள் அவள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் கிளம்பிவிடும். வேறு பஸ்ஸில் புத்தூர் வரை போய் நின்றால், அவள் அப்பா பைக்கில் வந்து கூட்டிப்போவார். வேர்க்கடலை பிடுங்கும் காலம். நாளெல்லாம் நிலத்தில் குனிந்து நிமிர்ந்த மனிதர். தீபாவளி வரை பார்ப்பேன், அப்புறம் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வகுப்பை அரை மணி முன்னதாக ஆரம்பித்தால் தீர்ந்தது. அதைப் பிரின்சிபாலிடம் கேட்கச் செயலாளர்தான் போக வேண்டும். அதற்காகவே அவள் நின்றாள்.

நான் எதற்காக நின்றேன்? ஓய்வுபெற்ற நாளிலிருந்து யாரும் என்னைப் பார்த்து எழுந்து நிற்கவில்லை. வேறு காரணம் இல்லை.

சுமதி முதலில் பேசினாள். "எனக்கு சாதனைன்னு ஒண்ணும் இல்ல. கிளாஸ் டைமை மாத்தச் சொல்லிக் கேப்பேன். அவ்ளோதான்." உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்தேன். குடியரசு தின விழாவில் கலெக்டர் கையால் வாங்கிய நற்சான்றிதழைச் சொன்னேன். அலுவலக இறகுப்பந்துப் போட்டியில் வாங்கிய கோப்பையைச் சொன்னேன். (எதிராளிக்கு அன்று காய்ச்சல்.) வெள்ளத்தில் ஒரு கிராமத்தையே காப்பாற்றியதைச் சொன்னேன். (லாரியில் வந்த அரிசி மூட்டைகளுக்குக் கையெழுத்துப் போட்டேன்.) விஜயபுரத்து முரளி முன்வரிசையிலேயே தூங்க ஆரம்பித்தான். மற்றவர்கள் கைபேசிக்குள் இறங்கிவிட்டார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில் சொன்னேன்:

"மலையில் எத்தனையோ பேருக்கு நான் தரிசனம் செய்துவைத்திருக்கிறேன்."

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. திருப்பதியில் குடியிருப்பவனுக்கு, எங்கெங்கோ இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் தரிசனத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிப் போன் செய்வார்கள். அதற்கு வழி தெரிந்த மனிதன் கிடைத்தால் விடுவார்களா? உண்மையில் நான் செய்தது, மேலதிகாரிகளின் குடும்பங்களோடு மலைக்குப் போய்ப் பையைத் தூக்கியதும், அவர்கள் வரும்வரை செருப்புகளுக்குக் காவல் நின்றதும்தான்.

முரளி தூக்கம் கலைந்து கேட்டான். "எங்க மாமா மெட்ராஸ்லருந்து வந்துக்கினு இருக்காரு சார். ஆறு பேரு. ஆவுமா?"

"பார்க்கலாம்" என்றேன். முப்பது வருஷம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வேறு என்ன வரும்?

"மீரே மா செக்ரட்டரி சார்" என்றான். நீங்கள்தான் எங்கள் செயலாளர் என்று தெலுங்கிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

ஓட்டுகளை எண்ணினார்கள். சுமதிக்கு ஒன்றுகூட விழவில்லை. வெளியே வந்தபோது அவளே என்னிடம் வந்தாள்.

"நானும் உங்களுக்குத்தான் போட்டேன் சார். மலை வரிக்கும் பேசறவரு நீங்க. பிரின்சிபால் கிட்ட சொன்னா மாத்தாமயா போயிடுவாரு? எங்க நைனா கிட்டயும் சொல்லிட்டேன்."

"நாளைக்கே பேசுகிறேன்" என்றேன்.

மறுநாள் வகுப்பு வாசலில் முரளியின் மாமா நின்றிருந்தார், குடும்பத்தோடு. அவருக்குப் பின்னால் கல்லூரி கேண்டீன்காரர். அதற்கும் பின்னால் எங்கள் பேராசிரியரின் சம்பந்தி. நான் தண்ணீர் குடிக்கப் போகிறவனைப் போல நடந்து, அப்படியே ஆட்டோ ஏறிவிட்டேன். முழங்கால் வலி என்று வீட்டில் படுத்தேன். கைபேசியை அணைத்து வைத்தேன். தீபாவளி வந்தது, போனது.

கல்லூரிக்குத் திரும்பியபோது சுமதியின் இடம் காலியாக இருந்தது. பிரின்சிபால் அறைக்கு ஓடினேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுதானா? அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிக்கோங்க" என்று அங்கேயே உத்தரவு போட்டார். நான் கொண்டுபோன கெஞ்சல்களில் ஒன்றுகூடச் செலவாகவில்லை.

மறுநாள் பிச்சாட்டூருக்கு பஸ் ஏறினேன். சுமதியின் அப்பா களத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்ததும் பழக்கதோஷம், "நான் ரிட்டயர்டு துணை தாசில்தார்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். பாப்பா சொல்லிச்சி" என்றார் மரியாதையாக. துண்டால் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

வகுப்பு நேரம் மாறிவிட்டதையும், இனி கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பதையும் சொன்னேன். கடலையைத் துழாவிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"சத்தியவேடு பக்கம் கம்பெனியில சேந்துட்டா சார். கம்பெனி பஸ்ஸு வூட்டாண்டயே வந்து ஏத்திக்கினு போவுது. இனிமே இன்னாத்துக்கு?" ஒரு பையை எடுத்து உதறியபடி, "கொஞ்சம் கடல எடுத்துக்கினு போங்க சார்" என்றார்.

எடுத்துக்கொண்டேன். மறுக்கும் தைரியமும் இல்லை.

ஒரு நாள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்த முரளி, தேர்தல் கதையை என் மகளிடம் சொல்லிவிட்டான். கல்யாண வீடுகளில் யாரிடமாவது என் பதவியைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வாயெடுத்தால் போதும். "ஓட்டு போட்டாச்சி நைனா, உக்காரு" என்பாள் மகள். மனைவி சிரிப்பாள், மாப்பிள்ளை சிரிப்பார், விவரம் தெரியாமல் எதிரில் நிற்பவரும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

பிச்சாட்டூருக்குப் போய்வந்ததை மட்டும் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கடலையைச் சந்தையில் வாங்கியதாகத்தான் சொன்னேன். நல்ல கடலை என்று எல்லோரும் தின்றார்கள்.