ஜன்னலோரம் இரண்டு பேருக்கு

“திங்கட்கிழமையா? திங்கள் எங்களுக்கு லீவுங்க,” என்று ஐந்தாவது சாப்பாட்டுக் கடைக்காரரும் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

எர்மெஸ் பெனாட்டி கையிலிருந்த தாளில் ஐந்தாவது பெயரையும் அடித்தார். பார்மாவில் மூன்று கடை, ரெஜ்ஜோவில் ஒன்று, மோதெனாவில் ஒன்று. நன்றாகச் சமைக்கிறவன் எல்லாம் திங்கட்கிழமை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். அன்றைக்குத் திறந்து வைத்திருப்பவன் கையால் சாப்பிட ரயில் ஏறிப் போக வேண்டாம். வீட்டிலேயே பட்டினி கிடக்கலாம்.

சிக்கல் என்னவென்றால், நீவெஸுக்கு வாரத்தில் ஓய்வு அந்தத் திங்கட்கிழமை ஒன்றுதான்.

நீவெஸ், சுஸ்ஸாரா நகராட்சி ஆபீசுக்குப் பின்சந்தில் இருக்கும் லெயார்கோவின் காபிக்கடையில் வேலை பார்ப்பவள். வயது நாற்பத்தெட்டு என்று சொல்லுவாள். எர்மெஸ் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் குமாஸ்தா என்பதால் அவருக்கு ஐம்பத்திரண்டு என்று தெரியும். அதை அவர் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ள மாட்டார். மனைவி அவரை விட்டுப் போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. கடைசி ஆறு வருஷமாகக் காலைக் காபியும் மதியச் சாப்பாடும் நீவெஸ் கொண்டுவந்து வைப்பதுதான். அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

போன மாதம் அவருடைய தட்டை எடுக்க வந்தவள், துடைப்பத்தைச் சார்த்திவிட்டுத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்: “வேற யாராவது சுடச்சுடக் கொண்டுவந்து வெச்சு, நான் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சோ.”

அன்றிரவு எர்மெஸுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே ரயில் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதியம் பார்மா, கீரையும் பாலாடையும் மாவுக்குள் அடைத்த தோர்தெல்லி, மேலே உருகும் வெண்ணெய். பிற்பகல் ரெஜ்ஜோவில் கீரை அடை. சாயங்காலம் மோதெனாவில், சேவல் சாற்றில் மிதக்கும் குட்டிக் குட்டித் தோர்தெல்லினி. அங்கிருந்து பாசஞ்சர் பிடித்தால் ராத்திரிக்குள் வீடு. எல்லா இடத்திலும் ஜன்னலோரம் இரண்டு பேருக்கு மேசை. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். எதிரில் அவள் உட்கார வேண்டும், தட்டில் ஆவி பறக்க வேண்டும், அவள் சாப்பிடுவதை அவர் பார்க்க வேண்டும்.

திட்டத்தை அவளிடம் சொல்லவே மூன்று காபி தேவைப்பட்டது. சொன்னதும் அவள் காது சிவந்துபோயிற்று. “வர்றேன்,” என்றாள். உடனே சேர்த்துக்கொண்டாள், “ஆனா திங்கட்கிழமைதான்.”

இப்போது அந்தத் திங்கட்கிழமையும் போயிற்று. எர்மெஸ் தாளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

“வியாழக்கிழமை வைங்க,” என்றாள் நீவெஸ், யோசிக்காமல். “லீவுக்கு நான் கேட்டுப் பார்க்கிறேன்.”

கல்லாவில் இருந்த லெயார்கோவுக்குக் காது கூர்மை. “வியாழக்கிழமை லீவா? அப்போ காபி யாரு போடறது, என் மாமியாரா?”

“பார்க்கலாம்,” என்று நீவெஸ் எர்மெஸைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

அந்தப் ‘பார்க்கலாமை’ மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் மூன்று நாள் உயிர் வாழ்ந்தார்.

நான்காம் நாள் காலை, ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் வோல்மெர் காபிக் கோப்பையோடு வந்து அவர் எதிரே தொப்பென்று உட்கார்ந்தார்.

“பார்மா போறியாமே?”

“யார் சொன்னா?”

“ஊரே சொல்லுது. பத்தரை ரயிலா? அதுல போனா உருப்பட மாட்டே. முப்பது வருஷம் அந்த லைன்ல வண்டி ஓட்டினவன் சொல்றேன். நானும் வர்றேன், வழி காட்டறேன்.”

“தண்டவாளத்துல வழி எதுக்கு வோல்மெர்?”

“அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறாங்க!”

கவுண்டருக்குப் பின்னாலிருந்து நீவெஸ் சிரித்த முகமாக, “வாங்களேன், நல்லாயிருக்கும்,” என்றாள். எர்மெஸுக்குச் சுருக்கென்றது. மரியாதைக்குச் சொல்லியிருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வோல்மெரைக் கழற்றிவிட அவர் ஒரு தந்திரம் செய்தார். வோல்மெர் ரிட்டயர் ஆனதிலிருந்து எட்டு மணிக்கு முன் எழுந்ததில்லை. எனவே பயணத்தை அதிகாலை ஐந்தே முக்கால் ரயிலுக்கு மாற்றினார். பார்மாவில் ஏழு மணிக்கு இறங்கி, சாப்பாட்டுக் கடை திறக்கும்வரை ஐந்து மணி நேரம் சதுக்கத்தில் புறா பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்தான். நீவெஸோடு நின்று புறா பார்ப்பதென்றால் பத்து மணி நேரமும் பார்க்கலாம்.

மறுநாள், ஜன்னல் மேசையில் சீட்டாடும் அக்கா தங்கை செலிந்தாவும் ஆர்ஜாவும் கையைத் தட்டி அவரைக் கூப்பிட்டார்கள்.

“ஐந்தே முக்காலாமே! நல்ல வேலை செஞ்சே!” என்றாள் செலிந்தா. “எங்களுக்கு நாலு மணிக்கே முழிப்பு வந்துடும். படுத்துக்கிட்டு மோட்டுவளையைத்தான் எண்ணிக்கிட்டு இருக்கோம்.”

“சீட்டுக்கட்டு நாங்க கொண்டு வர்றோம்,” என்றாள் ஆர்ஜா.

“வோல்மெரை நான் போன் போட்டு எழுப்பறேன்,” என்றாள் செலிந்தா.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிவது எல்லோருக்கும் நடப்பதுதான். எர்மெஸுக்குக் குரங்கு குட்டியும் போட்டது. மருந்துக்கடை டாக்டர் ஃபோர்னசாரி பயணத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். கொலஸ்ட்ரால் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிற மனுஷர். ‘நானும் வர்றேன்’ என்று அவர் சொல்லிவிடும் முன் எர்மெஸ் ரெஜ்ஜோவின் கீரை அடையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் கழுதைக்கறிக் குழம்பு என்று பெரிய எழுத்தில் எழுதி, அவர் கண்ணில் படும்படி தாளைப் பரப்பி வைத்தார்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். அவர் குரல் தழுதழுத்தது. “கழுதைக்கறியா! வீட்டுல அவ கண்ணுலகூடக் காட்ட மாட்டா. எர்மெஸ், நீ தெய்வம்யா.”

மறுநாள் டாக்டரின் மனைவியும் பெயர் கொடுத்தாள். கணவர் எவ்வளவு தின்கிறார் என்று அளக்கவாம்.

இதற்குள் எர்மெஸ் பார்மா கடைக்காரருக்கு நான்கு முறை போன் செய்துவிட்டார். முதலில் இரண்டு பேர். பிறகு மூன்று, ஐந்து, ஏழு.

“ஐயா, கல்யாணமா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“இல்லீங்க.”

“அப்போ யாராவது போயிட்டாங்களா? கருமாதிச் சாப்பாடா?”

எர்மெஸ் கொஞ்சம் யோசித்தார். “ஏறக்குறைய,” என்றார்.

“ஜன்னலோரம் எல்லாம் சரிப்படாது. உள்ளே கழிவறைப் பக்கம் நீள மேசை இருக்கு. அதைப் போட்டுடறேன்.”

எர்மெஸின் மனதை உறுத்தியது கழிவறை இல்லை, நீவெஸ். ஒவ்வொரு தடவை ஒரு பெயர் சேரும்போதும் அவள் முகம் மலர்ந்தது. ‘வாங்க வாங்க’ என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். லீவைப் பற்றிக் கேட்டால் மட்டும், “பார்க்கலாம்.” என்னோடு தனியாக வர அவளுக்கு இஷ்டமில்லை, முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் கூட்டம் சேர்க்கிறாள் என்று எர்மெஸ் முடிவு கட்டினார். முடிவு கட்டிய அன்றைக்கு மதியம் தட்டில் இருந்தது என்ன என்றே அவருக்குத் தெரியவில்லை. பாதியில் எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்:

“பயணம் ரத்து. எனக்கு வயிறு சரியில்லை.”

சீட்டாட்டம் நின்றது. டாக்டர் நெஞ்சில் கை வைத்தார். நீவெஸின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

“ரத்தா?” என்றாள். அவள் கண் கலங்கிவிட்டதை அவர் பார்த்தார். “எர்மெஸ், அப்படிச் சொல்லாதீங்க. இவ்வளவு தூரம் வந்த பிறகு...”

யாருக்காக இந்தக் கண்ணீர்? டாக்டருக்காகவா, செலிந்தாவுக்காகவா? யாருக்காக இருந்தாலும் அவள் கண் கலங்குவதை அவரால் தாங்க முடியாது. “ரத்து இல்லை,” என்றார் பலவீனமாக. “வயிறு சரியாயிடுச்சு.”

கடை கைதட்டியது. எர்மெஸ் கவுண்டர் அருகே போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஒண்ணு கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்க. இத்தனை பேர் வர்றது உங்களுக்குப் பரவாயில்லையா?”

“பரவாயில்லையாவா?” நீவெஸ் கடையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள். “இன்னும் ஒரு அஞ்சு பேர் வந்தா ரொம்ப நல்லாயிருக்கும்.”

அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன கேட்பான்?

அந்த ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். கடைசியாகப் பெயர் கொடுத்தவர் பிரீமோ கிழவர். எண்பத்து நான்கு வயது, வாயில் பல் என்று ஒன்று கிடையாது, இரண்டு மாதமாக வைத்தியர் சொன்னபடி வெறும் காய்கறிச் சாறு. அவர் எதற்கு வருகிறார் என்று கேட்கக்கூட எர்மெஸுக்குத் தெம்பில்லை. பதினொன்று என்று எழுதி, வட்டம் போட்டு, தாளை மடித்தார். நீவெஸைச் சேர்த்தால் பன்னிரண்டு. ஆனால் புதன்கிழமை சாயங்காலம் கடையை விட்டுக் கிளம்பும்போதும் அவள் சொன்னது, “இன்னும் ஒண்ணும் சொல்லலை. பார்க்கலாம்,” என்பதுதான்.

வியாழக்கிழமை. ஐந்தரை மணிக்கே பிளாட்பாரம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. வோல்மெர் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். டாக்டரின் மனைவி ஒரு தராசு கொண்டுவந்திருந்தாள். செலிந்தாவும் ஆர்ஜாவும் பெஞ்சில் முதல் ஆட்டத்தையே முடித்துவிட்டார்கள். ஊரில் எல்லோரும் இருந்தார்கள். அவள் ஒருத்தியைத் தவிர. அவளுக்காகப் போட்ட திட்டத்தில் அவள் மட்டும் இல்லை. எர்மெஸ் நாற்பது வருஷம் பதிவேட்டில் என்னென்னவோ எழுதியிருக்கிறார். இப்படி ஒரு கணக்குப் பிசகை எங்கும் பார்த்ததில்லை.

ரயில் வரும் மணி அடித்தது. அவர் தாளை வோல்மெரிடம் நீட்டினார். “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. எல்லா இடத்துலயும் சொல்லி வெச்சிருக்கேன்.”

“என்னய்யா, மறுபடி வயிறா?”

அப்போதுதான் படிக்கட்டில் பச்சைக் கோட்டு ஒன்று ஓடி வந்தது. ஏப்ரன் இல்லாமல் அவளை அடையாளம் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடி பிடித்தது. உதட்டில் லேசாகச் சாயம். மூச்சு வாங்க நின்றாள்.

“லீவு கொடுத்துட்டாரா?” என்றார் எர்மெஸ். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“கொடுக்கலை,” என்று நீவெஸ் சிரித்தாள். “கடையையே மூடிட்டார்!”

ஏன், எப்படி என்று கேட்பதற்குள் வண்டி வந்து நின்றது. வோல்மெர் விசிலை ஊதி எல்லோரையும் உள்ளே தள்ளினார். செலிந்தா நீவெஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு ஜன்னலோரம் உட்கார வைத்தாள். ஆம், உட்கார வைத்தாள். எர்மெஸ் நடுவழியில் நின்று அதைப் பார்த்தார். மடியில் கை வைத்து, கால் நீட்டி, வெளியே ஓடும் வயலைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எதிர் இருக்கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தால், பிரீமோ கிழவர்! பல்லில்லாத வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சுகமாகச் சாய்ந்திருந்தார்.

எர்மெஸுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாதத்து ஆற்றாமையும் பொங்கிவிட்டது. கிழவர் காதருகே குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். “பிரீமோ, உங்களுக்கு மெல்லப் பல்லில்லை, செரிக்கக் குடலில்லை. நீங்க எதுக்கு இந்தப் பயணத்துக்கு வந்தீங்க?”

கிழவர் கண்ணைத் திறந்து, எர்மெஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இருக்கையின் விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுந்து இடம் விட்டார்.

“நானா வந்தேன்? ‘காலையில காபிக்கு ஒரே ஒரு ஆள் வந்தாலும் லெயார்கோ கடையைத் திறந்து வெச்சுடுவார் தாத்தா, நீங்க ஒருத்தர்தான் பாக்கி’ன்னு என் வீட்டு மாடி ஏறி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாடா இவ. எங்க பத்து பேரையும் வீடு வீடாப் போய்ச் சேர்த்ததே இவதான்!”