மஞ்சள் பூவுக்கு மருந்தடிக்காத காரணம்

பாபடோயிட்டோய், ஓக்லாந்து
20 நவம்பர் 1996

அன்பு மச்சான் செல்வரத்தினம் அறிவது,

சிட்னியில் நீர் சுகமாயிருக்கிறீர் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் உமது அக்கா செல்வநாயகியும் பிள்ளையார் தயவில் சுகம். நீர் எங்களை நம்பி விட்டுப்போன வீட்டுப் புல்வெளிதான் சுகமில்லை. அக்கா அனுப்பிய பூசைப் பூ கிடைத்த கிழமையே உமக்குப் பதவி உயர்வு வந்ததாகவும், அந்தக் காய்ந்த செவ்வந்தியைப் பேர்சிலேயே வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர். வாசித்துச் சந்தோஷப்பட்டோம். அக்கா ஏனோ கொஞ்சம் கூடவே சந்தோஷப்பட்டா.

யூன் மாதம் சிட்னிக்கு விமானம் ஏறும்போது நீர் சொன்னது நினைவிருக்கிறது. முன்பக்கத்து ரோசாவில் ஒருவரும் கை வைக்கக் கூடாது, புல்வெளியில் பச்சையைத் தவிர வேறு நிறம் தெரியக் கூடாது, தெரிந்தால் டிசம்பரில் நீர் லீவில் வரும்போது நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். களைக்கு மருந்தடிக்கிற பம்பையும் நிரப்பிக் கையில் தந்தீர். நானும் ஓம் என்றேன்.

செப்ரெம்பர் மழை விட்டதும் மஞ்சளாய் ஒன்று பூத்தது. இங்கத்தைய களை, டண்டலையன் என்பார்கள். நான் முழங்கால் வரைக்கும் வருகிற றப்பர் கம்பூட்ஸ் போட்டு, தொப்பி வைத்து, பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வர, அக்கா எனக்கு முதல் போய் அந்தப் பூவைப் பிடுங்கிக் குசினிப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டா. வைத்துவிட்டுக் கேட்டா: “சுவாமிக்கு வச்ச பூவின்ரை செடிக்கு மருந்தடிக்கிற ஆளோ நீங்கள்?” நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பம்பை இறக்கி வைத்தேன். அடுத்த கிழமை வெள்ளையாய் டெய்சி வந்தது. சரி, இது சுவாமி காணாத சாதிதானே என்று கம்பூட்ஸைப் போட்டேன். நான் மற்றக் காலை நுழைக்கிறதுக்கிடையில் டெய்சி பூசைத் தட்டத்தில் இருந்தது. பிறகு ரோசா நிறப் புளியாரை. பிறகு பட்டர்கப். பிறகு பெயர் தெரியாத ஊதா நிறச் சிறுசு ஒன்று. நான் எந்தப் பூவுக்குப் புறப்படுகிறேன் என்று அவவுக்குத் தெரியாது, ஆனால் கம்பூட்ஸ் என் காலில் ஏறினால் தெரியும். ஒருநாள் தபால்பெட்டியைப் பார்க்கத்தான் அதைப் போட்டேன், திரும்பி வரும்போது முற்றத்தில் மிச்சமிருந்த எல்லாச் சாதியும் பிள்ளையாரின் காலடியில் கிடந்தது. இப்போது உம்மடை வளவில் சுவாமிக்குச் சொந்தமில்லாத களை ஒண்டும் இல்லை, மச்சான்.

கோயில் ஐயருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். “எருக்கும் தும்பையும் சுவாமிக்கு ஆகுமெண்டால் இதுகள் மட்டும் என்ன பாவம் செய்ததுகள்? வெள்ளிக்கிழமை வரேக்கை கொஞ்சம் கொண்டு வாரும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மருந்துதானே கூடாது என்று புல்லு வெட்டுகிற மெஷினால் வெட்டியும் பார்த்தேன். அந்த டெய்சிகள் மெஷின் வரும்போது தலையைக் குனிந்துகொண்டு, அது போனதும் நிமிர்ந்துவிட்டன. முன்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்று “டண்டலையன்ஸ்!” என்றார். நான் தாங்க் யூ என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்த காலம் தொட்டு நான் பார்த்ததெல்லாம் பஸ் ஸ்டொப்பும், எயார்போட் வேலையும், வீட்டுக்கடன் மோட்கேஜ் கதைக்கிற ஆக்களும்தான். இப்போது வேலைக்குப் போகமுன்னம் தேத்தண்ணியோடை குசினி ஜன்னலடியில் நிற்கிறேன். வெயில் பட்டால் எல்லாம் ஒருமிக்க விரியுதுகள், முகில் வந்தால் மூடிக்கொள்ளுதுகள். ஒருத்தரும் தண்ணி ஊத்தேல்லை, ஒருத்தரும் கேக்கவும் இல்லை, தங்கடை பாட்டிலை பூத்துக்கொண்டு கிடக்குதுகள். சொல்ல வெக்கமாய்க் கிடக்கு. வடிவு, மச்சான். சரியான வடிவு. இரண்டு தரம் பஸ்ஸையும் விட்டுட்டன்.

ஆனாலும் வீடு உம்முடையது, வாக்கு என்னுடையது. இந்த வயதில் பெட்டி தூக்கிக்கொண்டு ஒடாஹுஹுவில் அறை தேட என்னால் ஏலாது. வருகிற சனிக்கிழமை அக்கா கோயில் பூசைக்குப் போனதும், குசினித் திரையை இழுத்துப் பிள்ளையாரின் பார்வையை மறைத்துவிட்டு, முழுப் பம்பையும் அடிக்கப் போகிறேன். அவவுக்குச் சொல்ல வேண்டாம். பனியில் செத்தது என்று நான் சொல்லிக்கொள்வேன். இங்கே கோடை தொடங்குகிற நவம்பரில் பனி ஏது என்று கேட்டால் அப்போது பார்ப்போம்.

உமக்குச் சளி சுரம் அணுகாமல், பதவி மேலும் உயர, அதே பிள்ளையாரை வேண்டுகிறேன். திரை இழுக்க முதலே வேண்டிவிட்டேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்
சோதிலிங்கம்

பி.கு.: முத்திரை வாங்க மறந்ததால் கடிதம் இங்கேயே கிடந்துவிட்டது. சனிக்கிழமை அடித்தேன். மருந்து மீன் மணம் மணத்தது. நல்ல வீரியமான மருந்து என்று நினைத்தேன். பத்து நாளாகிறது, பூக்கள் முழங்கால் உயரம். அக்காவிடம் கேட்டேன். நீர் விமானம் ஏறிய அன்றே உம்முடைய மருந்தை எடுத்துவிட்டு, ரோசாவுக்கென்று நீர் வாங்கி வைத்த மீன் உரத்தைப் பம்பில் கரைத்து ஊற்றினாவாம். இன்னொன்றும் சொன்னா: “ரோசாவிலை கை வைக்கக் கூடாதெண்டவன், நான் எதைப் பிடுங்கி அனுப்பினனான் எண்டு நினைச்சவன்?” உம்முடைய பேர்சில் இருப்பது செவ்வந்தி அல்ல, மச்சான். லீவில் வந்து நீரே மருந்தடிக்கிற ஆளோ இல்லையோ என்று யோசித்து எழுதும். பம்பு வாசலில் நிரப்பி வைத்திருக்கிறது. எதால் நிரப்பியது என்பதை அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.