முப்பத்திரண்டு யார் தூரத்தில் நான்

இதை எழுதாமல் விட்டுவிடுவோம் என்றுதான் இருந்தேன். எழுதினால், அன்று காலையில் நான் எங்கே, எதற்காகக் குந்தியிருந்தேன் என்பதையும் எழுத வேண்டி வரும். பரவாயில்லை, மானம் போனால் போகட்டும். மன்னார் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒரு சாமானைத் தெரிவு செய்வதில் எங்கள் ‘யார் மாமா’வை வெல்ல ஆள் கிடையாது. அதை நாலு பேர் அறியத்தானே வேண்டும்?

யார் என்றால் மூன்று அடி. துணிக்கடை யார். எங்கள் ஊரில் ஆளைக் கேட்டால் ‘ஆர்’, தூரத்தைக் கேட்டால் ‘யார்’. ஊர்க்காரருக்குக் குழப்பமே இல்லை. நானோ தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டுவிட்டு, சண்டை முடிந்த பிறகு வெள்ளாங்குளம் பக்கம் குடும்பத்தோடு வந்து இறங்கியவன். வந்த முதல் நாளே பக்கத்து வீட்டு ரூபனிடம் மாட்டிக்கொண்டேன்.

“அங்க நொண்டிக்கிட்டு வர்றது யாரு?”

“ஓம், யார் மாமா.”

“அதாண்டா, யாரு?”

“அதைத்தானே சொல்லுறன். யார்!”

மாமா நொண்டியதற்கும் யார்தான் காரணம். புதிதாகக் குடியேறிய எங்கள் ஏழு வீட்டுக்கும் பன்றி காவலுக்கு அனுமதிப் பத்திரத்தோடு இருந்தது அவருடைய ஒரேயொரு பழைய துவக்கு. அது நாற்பது யார் வரைக்கும் நேர்மையாகச் சுடும். அதைத் தாண்டினால் பன்றிக்குக் கோபம் மட்டும்தான் வரும். நாங்கள் வருவதற்கு முன் ஒருநாள் மாமா நாற்பது என்று நினைத்துச் சுட்டது அறுபதாக இருந்துவிட்டது. பன்றி திரும்பி வந்து அவருடைய கெண்டைக்காலைக் கிழித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அளக்காமல் விசையில் விரல் வைப்பதில்லை என்று சத்தியம்.

கனடாவிலிருந்து மாமாவின் மகள் போன் எடுத்தாள். “அப்பா, லேசர் விட்டுத் தூரம் சொல்லுற பைனாகுலர் இருக்கு. ஒண்டைத் தெரிஞ்சு சொல்லுங்கோ, அனுப்பிவிடுறன்.”

விதைப்புக்குத் தொடங்கிய தெரிவு, கதிர் பால்பிடிக்கும்வரை நடந்தது. போன் என்னிடம் இருந்ததால் படங்களைப் பார்த்து விளக்கம் சொல்கிற உத்தியோகம் எனக்கு. என் ஆங்கிலமும் எட்டாம் வகுப்பு என்பதை மாமா கண்டுபிடிக்கவேயில்லை.

“இது பத்து மடங்கு பெருசாக் காட்டும் மாமா.”

“வேண்டாம். என்ர கை நடுங்கினா பண்டியும் பத்து மடங்கு நடுங்கும். எட்டுப் போதும்.”

“இது சின்னது, கழுத்துல பாரமே இருக்காது.”

“சின்னக் கண்ணாடிக்கு விடியப்புற மங்கல்ல என்ன தெரியும்? முன்கண்ணாடி பெருசா இருக்கோணும்.”

“இது மீற்றர்லதான் காட்டுமாம்.”

“என்ர துவக்குக்கு மீற்றர் தெரியாது.”

கடைசியில் கேட்டாரே ஒரு கேள்வி! “தம்பி, முன்னுக்கு நிக்கிற பத்தையை அளக்குமோ, பின்னுக்கு நிக்கிற பண்டியை அளக்குமோ?” நான் திகைத்தேன். மகள் திகைத்தாள். அவள் போய்க் கேட்ட கடைக்கார வெள்ளைக்காரன் மட்டும் நாற்காலியை விட்டு எழும்பி நின்றானாம். “இப்பதான் விசயம் தெரிஞ்ச ஆள் கேக்கிறார்” என்று சொல்லி, இரண்டு விதமாகவும் அளக்கிற ஒன்றை எடுத்து வைத்தான். பால்மாத் தகரப் பேணியைக் கட்டிவிட்டுக் குறி பழக, கிட்ட இருப்பதை அளக்கும். பத்தைக்குள், அதாவது புதருக்குள், பன்றி பார்க்க, தூர இருப்பதை அளக்கும்.

ஊர் அதிகாரி விதானையாரின் அனுமதிக் கடிதத்தோடு தூரக்கண்ணாடி வந்து சேர்ந்தது. பிறகு ஊரில் அளவில்லாத பொருளே இல்லை. மாதா கோயிலில் பூசை நேரம்கூட, “சுவாமி இருபத்திரண்டு யாருக்கு அங்கால நிண்டு பிரசங்கம் வைச்சா எனக்கு எப்பிடிக் கேக்கும்?” என்றார். ரூபன் ஒருநாள் “சும்மா ஒரு நூறு யார் இருக்கும்” என்று வாய்விட்டுவிட்டான். “தொண்ணூற்றாறு. ‘சும்மா’ எண்டு ஒரு அளவில்லை” என்று அரைமணி நேரம் வகுப்பு.

ஊர் திரும்பி நாங்கள் விதைத்த முதல் வயல் அது. அறுவடைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது பன்றி இறங்கியது. இரண்டு நாள் தொடர்ந்து ரூபன் வீட்டுப் பக்கம்தான். மூன்றாம் நாளும் வந்தால் அவர்களுக்கு விதைநெல்லும் மிஞ்சாது. ஏழு வீடும் மாமாவின் ஒரு வெடியை நம்பியிருந்தது.

மூன்றாம் நாள் விடியப்புறம் எனக்கு வயிறு சரியில்லை. வீட்டுத் திட்டத்தில் கிடைத்த மலசலகூடத்துக்குக் கதவு இன்னும் வந்து சேரவில்லை. பனிக்குக் கறுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வயலோரப் பத்தைக்குள் போய்க் குந்தினேன். காவல் கொட்டிலிலிருந்து மாமா கண்ணாடியில் அளந்து சொல்வது கேட்டது.

“முப்பத்திரண்டு யார்.”

அரைத்தூக்கத்தில் என் மண்டைக்குள் ஏறியது கடைசிச் சொல் மட்டும்.

“நான்தான் மாமா! சுதன்!”



“தெரியும். பண்டி செருப்புப் போடாது.”

“அப்ப எந்திரிக்கவா?”

“அசையாத. உனக்குப் பின்னால அது நிக்குது.”

அந்த நிலையில் செபம் சொன்ன கத்தோலிக்கன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். துவக்கு, நான், பன்றி மூன்றும் ஒரே நேர்கோட்டில். நான் எழும்பினால் அது பாயும். அவர் சுட்டால் விரிந்து வருகிற ஈயக் குண்டுகளில் எனக்கும் பங்கு. கால்மணி நேரம் மாமா சுடவில்லை. பன்றி என் முதுகுக்குப் பின்னாலேயே ரூபன் வீட்டு நெல்லை ஆறுதலாக உழுது தின்றுவிட்டுப் போனது.

விடிந்ததும் ஏழு வீடும் கூடியது. ரூபனின் அம்மா முறிந்த நெற்கதிரைக் கையில் பிடித்தபடி கேட்டார்: “கண்ணுக்கு முன்னால நிண்டதை ஏன் அண்ணை சுடேல்லை?”

நான் வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

“அறுபத்தொரு யார் தங்கச்சி. துவக்கு எட்டாது.”

மாமா தூரம் சொன்னால் அதற்கு மேல் ஊரில் பேச்சில்லை. எல்லாரும் கலைந்து போனார்கள். நான் மட்டும் பத்தைக்குப் போய்ப் பார்த்தேன். என் செருப்புத் தடத்துக்கும் சேற்றில் பதிந்திருந்த பன்றியின் குளம்படிக்கும் நடுவே ஐந்தே தப்படி; தப்படிக்கு ஒரு யார். முப்பத்திரண்டோடு ஐந்தைக் கூட்டினால் நாற்பதுக்குள்தான் என்று அறிய எட்டாம் வகுப்புத் தாராளம்.

திரும்பி வந்து “மாமா...” என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “போடா, முதல்ல போய்க் கழுவு.”

இவ்வளவையும் எழுதி முடித்து ரூபனுக்கு அனுப்பினேன். அவர்கள் நெல் போனது என்னால்தான் என்று இத்தனை வருடத்தில் இப்போதுதான் சொல்கிறேன். அடிக்க வருவான் என்று கதவைச் சாத்திவிட்டு இருந்தேன். ஒரு வரிதான் வந்தது:

“விசரா, கொட்டில்ல இருந்து உன்ர செருப்புத் தடம் தாண்டி அந்தக் குளம்படி வரைக்கும் அம்மாவும் நானும் அண்டைக்கே எண்ணிப் பாத்திட்டம்.”