டிரெயிலர் பாய் பழக்கிய கிளட்ச்

காரில் கிளட்ச் மிதியை, இடது கால் இளைப்பாறுவதற்கென்று கம்பெனிக்காரன் வைத்த பலகை என்றே நினைத்திருந்தேன். மனைவி, "என்னமோ கருகுதே" என்பாள். "முன்னாடி போற லாரி" என்பேன். முன்னால் லாரியே இருக்காது. கடைசியில் கிளட்ச் கருகி, புதுசு போட்ட அன்று அவளிடமிருந்து தீர்ப்பு வந்தது: "இதையும் கருக்குனீகன்னா வண்டிய வித்துப்புட்டு டவுன் பஸ்ல போங்க."

இது எதிர்வீட்டு டிரெயிலர் பாய் காதில் விழுந்தது. சவுதியில் டிரெயிலர் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். கூட்டமான தெருவாகத் தேடித் தேடிக் காரை விடச் சொல்லும் மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

"புது மாப்பிள்ளைய மறுநாளே மூட்டை தூக்கச் சொல்லுவீகளா தம்பி? புது கிளட்ச்சும் அப்படித்தான். நின்னு நின்னு, கியர் மாத்தி மாத்திப் போனாத்தான் உள்ள இருக்கிற தட்டு பதியும்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சந்தை நாளில் சந்தைத் தெருப் பக்கமே தலைவைக்காமல் காரைக்குடியே சுற்றிப் போகும். நாங்கள் சுற்றி வந்து அதற்குள் நுழைந்தோம். கத்திரிக்காய்த் தள்ளுவண்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். "நீங்க முன்னால போங்க, எங்களுக்கு அவசரமில்ல" என்றார் பாய். பின்னால் நின்ற பஸ் டிரைவர் சொன்னதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

என் கால் மட்டும் பழைய புத்திப்படி மிதிமேலேயே போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு தரம் சொல்லிப் பார்த்த பாய், தன் தோள்துண்டை என் இடது முழங்காலில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டார். கியர் மாற்றிய பிறகும் கால் நகராவிட்டால் ஒரு சுண்டு. பக்கத்தில் பைக்கில் வந்தவர் எட்டிப் பார்த்து, "பாய், கடிக்குமா?" என்று கேட்டார்.

"பழகுற வரைக்கும் கிட்ட வராதீக" என்றார் பாய்.

மாமியாரைக் கண்டரமாணிக்கத்தில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குக் கூட்டிப்போக வேண்டிய நாளிலும் பாய் வந்தார். மாமியாரோடு ஒரு பித்தளை அண்டாவும் வந்தது. கண்மாய்க்கரை மேட்டுக்கு அடியில் பாய் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"பாரம் ஆகாதும்மா. அண்டாவ எறக்கிருவோமா?"

"அது சீரு. எறக்கப்படாது."

"அப்ப நீங்க எறங்கி இந்த மேட்ட மட்டும் நடந்துருங்க."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் கண்மாயைப் பார்த்தேன். முதல் கியரில் நாங்கள் முக்கி மேலே ஏறியபோது, எங்களுக்கு முன்பே அவர் போய் வேப்பமர நிழலில் நின்றிருந்தார். "பஸ்ஸு வந்தா எனக்குக் கைகாட்டுங்க மாப்பிள்ளை" என்றார். கடைசிப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். ரசம்கூட மிச்சமில்லை.

ஒருநாள் பாய் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பதிஞ்சிருச்சு" என்று இறங்கிப் போனார். மிதி பஞ்சாக இருந்தது. கருகல் வாடை இல்லை. மனைவியும் விற்கிற பேச்சை விட்டாள். விட்டது சனி என்று மறுநாள் தனியாகக் கிளம்பினேன். கல்லல் வரை போகலாமென்று நினைத்தவன், துண்டைச் சுண்ட ஆளில்லாத காரில் அவ்வளவு தூரம் போகமுடியாமல் பாதியில் திரும்பினேன்.

பாய் வீட்டு வாசலில் நிறுத்தி, "கிளட்ச்ல கிறீச்சுன்னு ஏதோ சத்தம் வருது பாய், செத்த வந்து கேளுங்களேன்" என்றேன்.

பனியனோடு வந்தவர், காதைக்கூடக் கொடுக்காமல் கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"ஒரு சத்தமும் இல்ல, வண்டிய எடுங்க."