கல் கட்டிய வாக்குத் தகரம்

எழுவைதீவு,
19.03.1983

மதிப்புக்குரிய வைத்திலிங்க மாமா அவர்களுக்கு,

மருமகள் மீனாம்பிகை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அம்மாவும் நானும் ஆடுகளும் சுகம். அங்கு தாங்களும் மாமியும், தாங்கள் முப்பது வருடமாகப் பேசிவரும் வேலி வழக்குகளும் சுகமாயிருக்க நயினை அம்மன் அருள்புரியட்டும். எனக்கு ஒரு சட்டச் சந்தேகம். ஒரு தலைவர் தேர்தலைத் தூக்கிக் கடலில் போட்டால், அவரைக் கூண்டில் ஏற்ற இந்த நாட்டில் என்ன சட்டம் இருக்கிறது? வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவனைக்கூட நீங்கள் கொழும்புவரை இழுத்திருக்கிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

தலைவர் என்று நான் சொல்வது அம்பலவாணரை. எங்கள் தீவு முன்னேற்றச் சங்கத்துக்குப் பதினாறு வருடமாக அவர்தான் தலைவர். தீவு முன்னேறவில்லை, அவர் வீட்டுக்கு மட்டும் மேல்மாடி வந்திருக்கிறது. அக்கரைக்குப் போகிற ஒரே எஞ்சின் வள்ளமும் அவருடையது. தபால் பை, அரிசி மூட்டை, பிரசவ வலிக்காரி, சவப்பெட்டி எல்லாம் அவர் தயவில்தான் கடல் கடக்கவேண்டும். களவு போய்விடும் என்ற பயத்தில் தன் உடைமை ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்றால் ‘அம்பலம்’ என்று எழுதி வைத்திருக்கிறார். கதிரையில் இருக்கிறது, குடையில் இருக்கிறது, கிடாய் ஆட்டின் கொம்பிலும் இருக்கிறது. மாசியில் சங்கத் தேர்தல் வந்தபோது அவர் கூட்டத்தில் எழும்பி, “தேர்தல் என்னத்துக்கு? போன மார்கழியிலை கொழும்பிலை பெரியவை விளக்குச் சின்னமோ குடச் சின்னமோ எண்டு சனத்திட்டை ஒரு கேள்வியைக் கேட்டுப்போட்டுப் பாராளுமன்றத்தையே ஆறு வருசம் நீட்டினவை. நான் மூண்டு வருசம்தானே கேக்கிறன்” என்றார். கரையூர் எமிலியானுஸ் போட்டிக்கு நின்றுவிட்டதால் வேறு வழியில்லாமல் தேர்தல் வைத்தார்கள். வாக்கெடுப்புக்குப் பொறுப்பாக என்னைப் போட்டவரும் அம்பலவாணர்தான். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பெட்டை வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்திருப்பார். அம்மாவிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

விழுந்த வாக்கு நூற்றி எழுபத்துமூன்று. எல்லாவற்றையும் பெரிய பிஸ்கட் தகரமொன்றில் போட்டோம். அக்கரையில் சங்கப் பரிசோதகருக்கு முன்னால்தான் திறந்து எண்ணவேண்டும் என்பது விதி. முத்திரை வைக்க அரக்கு இல்லை. மீன்பிடிக்கிற சில்வெஸ்ரர் அண்ணை, வள்ளத்து ஓட்டை அடைக்கிற குங்கிலியப் பசையைக் காய்ச்சிக்கொண்டு வந்து மூடியைச் சுற்றித் தடிப்பாகப் பூசினார். “இனி இதுக்குள்ளை தண்ணியும் போகாது, கள்ளனும் போகான்” என்றார். தகரத்தைப் பொறுப்பேற்றதாக நான் கையெழுத்து வைத்தேன். அந்தக் கையெழுத்துத்தான் இப்போது என் கழுத்தை இறுக்குகிறது.

அடுத்த நாள் காலை தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் இருந்தேன். “பிள்ளை, மடி நோகும். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்திலை வையும்” என்றார் அம்பலவாணர். நான் வைக்கவில்லை. நடுக்கடலில் தண்ணீர் தெறிக்கிறது என்று சொல்லி, வழக்கம்போல ஆட்கள் எல்லாரையும் படங்குத் துணியால் மூடினார்கள். உள்ளே இருட்டு, எண்ணெய் மணம், எனக்குப் பக்கத்தில் இருந்த யோகம்மா அக்கா கடலாட்டத்தில் தலை சுற்றி என் பாவாடையிலேயே சத்தி எடுக்கிறா. அவவின் தலையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. தகரத்தைக் கீழே வைத்தேன். அதுதான் மாமா நான் செய்த குற்றம். படங்கை எடுத்தபோது தகரம் இல்லை. “அலை கொண்டுபோட்டுது” என்றார் தலைவர். “அடைச்ச தகரம் மிதக்கத்தானே வேணும்? எங்கை?” என்று கேட்டேன். கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, “சனத்தின்ரை தீர்ப்புப் பாரமானது பிள்ளை. அடியிலை தாண்டுபோச்சு” என்றார்.

அன்றைக்கே பொலிசு நிலையத்துக்குப் போனேன். “என்ன துலைஞ்சது?” என்றார் முறைப்பாடு எழுதுகிறவர். “தேர்தல்” என்றேன். அப்படி ஒரு பொருள் புத்தகத்தில் இல்லையாம். கடைசியில் ‘பழைய தகரம் ஒன்று, பெறுமதி நாலு ரூபா’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். திரும்பி வர அம்பலவாணருடைய வள்ளத்தைத் தவிர வேறு வழி இல்லை. அவர்மேல் முறைப்பாடு கொடுத்துவிட்டு வருகிற எனக்கு அவரே குடை பிடித்தார். அதிலும் ‘அம்பலம்’ என்றுதான் எழுதியிருந்தது. அந்தக் கிழமையே கூட்டம் போட்டு, தகரம் கிடைக்கும்வரை பழைய நிர்வாகமே தொடரும் என்று அறிவித்தார். “கையெழுத்து வைச்சது ஆர்? அவவைக் கேளுங்கோ” என்றும் சொன்னார். ஊர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தது. கிணற்றடிக்குப் போனால், “வாக்கைத் துலைச்சவ வாறா” என்கிறார்கள்.

நேற்று சில்வெஸ்ரர் அண்ணையின் வலையைக் கிழித்துக்கொண்டு தகரம் மேலே வந்தது. அதோடு கயிற்றால் இறுக்கிக் கட்டியபடி நங்கூரக் கல் ஒன்றும் வந்தது. கல்லில் சிவப்புப் பெயின்றில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. தகரம் இப்போது எங்கள் அலுமாரிக்குள், கல் என் கட்டிலுக்குக் கீழே. இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? மாமா, நீங்கள் வழக்கு வையுங்கள். ஒரு தலைவனாவது கூண்டில் ஏறி, “ஏன் செய்தாய்” என்று ஒருவர் கேட்க, பதில் சொல்லவேண்டும். அப்படியே ஆறு வருடம் நீட்டிய பெரியவர்களையும் இதே வழக்கில் சேர்க்கமுடியுமா என்று பாருங்கள். அவர்கள் கல் கட்டவில்லை, சட்டம் கட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தபால் பை அவருடைய வள்ளத்தில் போவதால் இதைச் சில்வெஸ்ரர் அண்ணையின் கையில் கொடுத்து விடுகிறேன். காற்று அடங்கியதும் தன் வள்ளத்தில் பாய் விரிப்பார்.

மாமிக்கு என் அன்பு. உங்கள் கறுப்புக் கோட்டுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
மருமகள்
மீனாம்பிகை

பி.கு. (23.03.1983): காற்று இன்றுதான் அடங்கியது. அதற்குள் தகரம் அகப்பட்ட கதை அக்கரைக்கு எட்டி, நேற்றுப் பரிசோதகர் இங்கே வந்தார், வந்தது யாருடைய வள்ளத்தில் என்று கேட்கவேண்டாம். ஊருக்கு முன்னால் உளி வைத்துக் குங்கிலியத்தை வெட்டித் தகரத்தைத் திறந்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எமிலியானுஸ் அறுபத்தொன்பது, அம்பலவாணர் நூற்றி நாலு. வென்ற தேர்தலைத்தான் மனுசன் கடலில் போட்டிருக்கிறார்! எண்ணிய சீட்டுகளை அவரே வாங்கித் திரும்ப ஒருமுறை எண்ணிப் பார்த்தார். மறு நிமிடம் நெஞ்சில் அடித்துக்கொண்டு, “என்ரை வெற்றியைக் கடலிலை போட்டது ஆர்? கல்லிலை என்ரை பேர் இருக்கிறதே அது களவு போனதுக்குச் சாட்சி!” என்று கத்தினார். இன்று காலை, கல்லைக் களவெடுத்துத் தகரத்தைக் கடலில் போட்டது நான்தான் என்று என்மேல் முறைப்பாடு கொடுத்துவிட்டார். “வெண்டிட்டார்தானே, பிறகென்ன குற்றம்” என்று ஊர் சொல்கிறது. வென்றாலும் தகரத்தைக் கடலில் தாட்டது தாட்டதுதானே என்று சில்வெஸ்ரர் அண்ணையிடம் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, “நானும் அவருக்குத்தான் போட்டனான் பிள்ளை. மனுசிக்கு மாதம் எட்டு. இப்பிடிக் காற்றுக்குள்ளை என்ரை பாய் வள்ளத்திலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாது” என்றார். அவரோடு எப்படிக் கோபிப்பது?

ஆகவே வழக்கு வைக்கும் வேலை உங்களுக்கு மிச்சம், அவரே வைத்துவிட்டார். கூண்டில் நிற்கும் ஆள்தான் மாறியிருக்கிறது. திங்கட்கிழமை வழக்குக்கு என்னை அக்கரைக்குக் கொண்டுபோகிறார், குற்றவாளியிடம் வள்ளக் கூலி வாங்கமாட்டாராம். இந்தமுறை படங்குக்குக் கீழே தலை குனியமாட்டேன், கல்லையும் மடியைவிட்டு இறக்கமாட்டேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும்: கூண்டில் ஏறினால், அவரை நான் கேள்வி கேட்க நீதவான் விடுவாரா? உடனே தந்தி அடியுங்கள். தந்தியையும் அவர்தான் முதலில் வாசிப்பார். விடுவார் என்றால் ‘வேலி நிற்கிறது’ என்று அடியுங்கள். விடமாட்டார் என்றாலும் அதையே அடியுங்கள், நான் கேட்கத்தான் போகிறேன்.